இரு கண்களுக்கு ஒரு திரை

கணிப்பொறி விளையாட்டு என்றாலே நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. "வாப்பா, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கித் தாருங்கள்" என்று மகன் கேட்கிறான். இருக்கும் திரை நன்றாகத்தானே ஓடுகிறது, அதென்ன 144 என்று வாப்பாவுக்கு விளங்குவதில்லை. "இருக்கிற கண்ணும் கெட்டுப் போகும்" என்று உம்மா ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறார். மகனிடம் ஆசை இருக்கிறது. தாயிடம் அச்சம் இருக்கிறது. இரண்டிற்கும் பின்னால் இருக்க வேண்டிய விளக்கம் மட்டும் எவரிடமும் இல்லை.

விரைவாக மாறும் திரை, ஆழம் காட்டும் முப்பரிமாணத் திரை என்னும் இரண்டும் சேர்ந்து வளர்ந்த கதை சுவையானது. அதைவிட முக்கியமாக, அந்தக் கதை நம் பிள்ளைகளின் கண்களைப் பற்றிய ஓர் உண்மையையும் சொல்கிறது. பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை அது.

இரண்டு கண்கள் எதற்கு?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைகளை நீட்டியபடி, இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். பலருக்கும் முதல் முறை தவறிப் போகும். இரு கண்களையும் திறந்துகொண்டால் முனைகள் எளிதில் பொருந்திவிடும். ஊசியில் நூல் கோக்கும் தாய்மார்கள் இதனை அன்றாடம் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

வயது வந்தவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 6.3 சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது. ஆதலால் வலக்கண் காணும் காட்சியும் இடக்கண் காணும் காட்சியும் ஒன்றல்ல. முகத்துக்கு நேரே விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் பெயர்வது போல் தோன்றுவது இதனாலேதான். இந்த இரு வேறு காட்சிகளையும் மூளை இணைத்து ஒரே காட்சியாக்குகிறது. அவ்வாறு இணைக்கும்போது, இரண்டிற்கும் உள்ள சிறு வேறுபாட்டை அளந்து, எது அருகில், எது தொலைவில் என்று தீர்மானிக்கிறது.

இரு கண் பார்வையைச் சோதனை முறையில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் இப்னுல் ஹைதம். பஸராவில் சுமார் 965இல் பிறந்து, கெய்ரோவில் சுமார் 1040இல் மறைந்தவர். 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூலை இயற்றியவர். அந்நூலின் மூன்றாம் பாகத்தில், மூக்குக்குப் பொருந்துமாறு விளிம்பில் குடையப்பட்ட ஒரு பலகையை முகத்தோடு சேர்த்து வைத்து, அதன்மேல் மெழுகால் செய்த சிறு குச்சிகளை நிறுத்தி, எந்த நிலையில் ஒன்று இரண்டாகத் தெரிகிறது, எந்த நிலையில் இரண்டும் ஒன்றாகக் கூடுகிறது என்று அவர் விவரித்துள்ளார். இந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சாகி, ஐரோப்பிய அறிஞர்களின் கைகளில் தவழ்ந்தது.

இரு காட்சிகளுக்கிடையே உள்ள வேறுபாடே ஆழ உணர்வைத் தருகிறது என்று கருவி கொண்டு நிறுவியவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் வீட்ஸ்டன். ஒரு பொருளை இடக்கண் காண்பது போலவும் வலக்கண் காண்பது போலவும் இரண்டு கோட்டுப் படங்களை வரைந்து, இரண்டு நிலைக்கண்ணாடிகளின் வழியே ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் காட்டினார். தட்டையான தாளில் இருந்த கோடுகள் கனப் பொருளாக எழுந்து நின்றன. இதனை 1838ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியில் அவர் அறிவித்தார். 'ஸ்டீரியோஸ்கோப்' என்ற பெயரும் அவர் இட்டதே. பின்னர் டேவிட் பிரூஸ்டர் வில்லைகளைக் கொண்டு கையடக்கமான வடிவத்தைச் செய்தார். 1851ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சியில் அது விக்டோரியா அரசியின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் வசதியுள்ள வீடுகளின் கூடங்களில் அது இடம்பிடித்தது.

இன்று வரை வந்துள்ள எல்லா முப்பரிமாணக் கருவிகளும் வீட்ஸ்டனின் விதியைத் தாண்டவில்லை. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம். ஒன்றுக்குரியது மற்றொன்றுக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

வேகம் ஏன் தேவைப்பட்டது?

இரண்டு படங்களையும் ஒரே கணிப்பொறித் திரையில் காட்டுவது எப்படி? திரையை இரண்டாகப் பிரித்தால் படம் சிறுத்துவிடும். எனவே பொறியாளர்கள் இடத்தைப் பங்கிடாமல் நேரத்தைப் பங்கிட்டார்கள். முதலில் இடக்கண்ணின் படம், அடுத்து வலக்கண்ணின் படம், மீண்டும் இடக்கண்ணின் படம் என்று மாறி மாறித் திரையில் காட்டப்படும். பார்ப்பவர் திரவப் படிகக் கண்ணாடி அணிந்திருப்பார். இடக்கண்ணின் படம் வரும்போது வலப்பக்கக் கண்ணாடி இருண்டுவிடும். வலக்கண்ணின் படம் வரும்போது இடப்பக்கம் இருண்டுவிடும். கதவு திறந்து மூடுவது போன்ற செயல் என்பதால் இதனை 'ஷட்டர்' கண்ணாடி என்பர்.

இங்கேதான் வேகம் குறுக்கிடுகிறது. திரை ஒரு விநாடியில் எத்தனை முறை தன் காட்சியைப் புதிதாக வரைகிறதோ, அந்த எண்ணிக்கையே ஹெர்ட்ஸ் எனப்படுகிறது. கடைக்காரர்கள் 'ரெஃப்ரெஷ் ரேட்' என்று சொல்வது இதனைத்தான். 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறை வரையும். அதனை இரு கண்களுக்கும் பங்கிட்டால் ஒரு கண்ணுக்கு 30தான் கிடைக்கும். விநாடிக்கு 30 முறை மட்டும் ஒளிர்ந்து அணையும் வெளிச்சத்தை நம் கண் நடுக்கமாகவே உணரும். ஏறத்தாழ 50, 60 முறைகளைத் தாண்டினால்தான் பெரும்பாலோருக்கு அந்த நடுக்கம் மறையும். சிலர் அதற்கு மேலும், குறிப்பாகக் கடைக்கண் பார்வையில், நடுக்கத்தை உணர்வர்.

திரையரங்கிலும் இதே கணக்குத்தான். திரைப்படம் விநாடிக்கு 24 படங்களைக் கொண்டது. 24 முறை மட்டும் ஒளிவிட்டால் திரை துடிக்கும் என்பதால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை ஒளிவிடச் செய்கிறார்கள். டிஜிட்டல் முப்பரிமாண அரங்குகள் சிலவற்றில் ஒரே ஒளிவீச்சுக் கருவி, ஒரு கண்ணுக்கு ஒரு படத்தை மும்முறை என்ற கணக்கில், விநாடிக்கு 144 முறை ஒளிவீசுகிறது.

வீட்டு விளையாட்டுக் கருவிகளில் இந்த முயற்சி 1987இலேயே நிகழ்ந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ, சேகா ஆகிய இரு நிறுவனங்களும் அவ்வாண்டில் ஷட்டர் கண்ணாடிகளை வெளியிட்டன. அக்காலத் தொலைக்காட்சி ஒவ்வொரு கண்ணுக்கும் விநாடிக்கு 30 முறைதான் படம் தந்தது. காட்சியில் ஆழம் இருந்தது. கூடவே கண்ணை வருத்தும் நடுக்கமும் இருந்தது. 1995இல் நிண்டெண்டோ 'வர்ச்சுவல் பாய்' என்னும் கருவியைக் கொண்டுவந்தது. கண்களை ஒரு கூண்டுக்குள் பதித்துக்கொண்டு, சிவப்பு நிறம் ஒன்றிலேயே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஏழு வயதுக்குட்பட்டவர்கள் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும், அவ்வப்போது ஆட்டத்தைத் தானே நிறுத்தி ஓய்வெடுக்கச் செய்யும் வசதியும் அதில் இருந்தன. சுமார் ஏழே முக்கால் இலட்சம் கருவிகள் விற்றதோடு, 1996க்குள் அதன் ஆயுள் முடிந்தது.

கணிப்பொறிக்கு அப்போதிருந்த பெட்டி போன்ற படக்குழாய்த் திரைகள் ஒரு வகையில் இந்த வேலைக்கு ஏற்றவை. அவற்றுள் நல்லவை 100, 120 ஹெர்ட்ஸ் வரை ஓடின. வரைந்த படம் சில மில்லி விநாடிகளில் மங்கிவிடும் என்பதால் அடுத்த கண்ணுக்குரிய படத்தோடு கலவாது. ஆனால் மெல்லிய எல்சிடி திரைகள் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸில் நின்றுவிட்டன. மேலும், எல்சிடி திரை அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தைப் பிடித்து வைத்திருக்கும் இயல்புடையது. மேசையில் இடம் மிச்சமாயிற்று; ஷட்டர் கண்ணாடிக்கோ வழி அடைபட்டது.

காரணம் மறைந்தது, வேகம் நின்றது

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வழி மீண்டும் திறந்தது. கணிப்பொறிகளுக்கான வரைகலை அட்டைகளைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் '3டி விஷன்' என்ற பெயரில் ஒரு கண்ணாடியை வெளியிட்டது. அதற்கென்றே சாம்சங், வியூசோனிக் நிறுவனங்கள் 22 அங்குல அளவில் 120 ஹெர்ட்ஸ் எல்சிடி மானிட்டர்களைக் கொண்டுவந்தன. 120ஐ இரண்டாகப் பங்கிட்டால் கண்ணுக்கு 60. நடுக்கம் பெரும்பாலும் மறைந்தது. விளையாட்டுப் பிரியர்களுக்கான 120 ஹெர்ட்ஸ் எல்சிடி திரை சந்தைக்கு வந்ததே இந்த முப்பரிமாணத்திற்காகத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

அதன் விலை பணத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு காட்சியையும் இரு கோணங்களிலிருந்து இரு முறை வரைய வேண்டியிருந்ததால் வரைகலை அட்டையின் சுமை ஏறத்தாழ இரட்டித்தது. கண்ணாடி பாதி நேரம் இருண்டே இருப்பதால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்தது. ஒரு கண்ணின் படம் மறு கண்ணில் நிழலாகத் தெரியும் குறையும் இருந்தது. எல்சிடி திரை மேலிருந்து கீழாக வரிவரியாக மாறுவதால், ஒரு கணத்தில் மேற்பாதியில் புதிய படமும் கீழ்ப்பாதியில் பழைய படமும் இருப்பதே இதற்குக் காரணம். 2011இல் வந்த 'லைட்பூஸ்ட்' என்னும் முறை இதற்குத் தீர்வு கண்டது. படம் மாறும் நேரத்தில் பின்புற விளக்கை அணைத்துவிட்டு, முழுவதும் மாறி முடிந்ததும் ஒரு கணம் பளிச்சென்று எரியவிடுவதே அம்முறை.

இதில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாதாரண விளையாட்டிலும் இந்த முறையைச் சிலர் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஓடும் பொருள்கள் இழுபட்டுத் தெரியும் மங்கல் மறைந்து, காட்சி துல்லியமாயிற்று. முப்பரிமாணத்திற்காகச் செய்யப்பட்ட வேகமும் விளக்கும் சாதாரண விளையாட்டிற்கே பெரிதும் உதவின.

அதற்குள் முப்பரிமாண ஆர்வம் ஓய்ந்துகொண்டிருந்தது. 2009 டிசம்பரில் வெளிவந்த 'அவதார்' திரைப்படத்தின் வெற்றியைக் கண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் போட்டியிட்டு முப்பரிமாணப் பெட்டிகளைச் செய்தன. வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் நான்கு கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு அமர்வதற்கு மக்கள் விரும்பவில்லை. 2017க்குள் சாம்சங், எல்ஜி, சோனி ஆகிய மூன்றும் அவ்வகைப் பெட்டிகளைக் கைவிட்டன. '3டி விஷன்' முறைக்கான ஆதரவை என்விடியா 2019இல் நிறுத்திக்கொண்டது. ஆக, எதற்காக வேகம் பிறந்ததோ அந்தக் காரணம் மறைந்தது. வேகம் மட்டும் நிலைத்து 144, 165, 240, 360 என்று வளர்ந்தது.

ஆழக் காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை. தலையில் அணியும் கருவிகளாக வடிவம் மாறிற்று. 2016இல் வெளிவந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஆகியவை 90 ஹெர்ட்ஸ் வேகம் கொண்டவை. பார்ப்பவரின் கண்களைக் கேமராவால் பின்தொடர்ந்து, கண்ணாடி இன்றியே ஆழம் காட்டும் 27 அங்குல, 165 ஹெர்ட்ஸ் மானிட்டரைச் சாம்சங் 2025இல் அறிமுகம் செய்தது.

கண் ஏன் களைக்கிறது?

இனி, தாய்மார்களின் அச்சத்திற்கு வருவோம். முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபின் சிலருக்குத் தலைவலியும் கண் களைப்பும் ஏற்படுவது கற்பனையன்று. அதற்குத் தெளிவான காரணம் உண்டு.

அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது நம் கண்கள் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கின்றன. இரு விழிகளும் மூக்கை நோக்கி உள்முகமாகத் திரும்புகின்றன. அதே நேரத்தில் கண்ணின் வில்லை தடித்து, அந்தத் தொலைவுக்கு ஏற்பத் தெளிவை அமைக்கிறது. இவ்விரண்டும் இணைபிரியாமல் இயங்குகின்றன. முப்பரிமாணத் திரையோ இவற்றைப் பிரிக்கிறது. பந்து முகத்துக்கு முன் பறந்து வருவதாகக் காட்டினால் விழிகள் அந்தப் பந்தை நோக்கி உள்முகமாகத் திரும்பும். ஆனால் ஒளி வருவது அரை மீட்டருக்கு அப்பாலுள்ள திரையிலிருந்தே என்பதால் வில்லை அங்கேயே நிலைத்திருக்க வேண்டும். ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் இரு திசைகளில் இழுப்பது போன்ற நிலை இது. இந்த முரண்பாடு களைப்பைத் தருகிறது என்பதைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் தனிக் கருவி அமைத்துச் சோதித்து, 2008இல் வெளியிட்டனர்.

சிறுவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்தாறு வயதுப் பிள்ளையின் கண்மணிகளுக்கிடையே உள்ள தூரம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். பெரியவர்களின் அளவை வைத்து அமைக்கப்பட்ட இரு படங்கள் அந்தப் பிள்ளைக்கு அளவு மீறி விலகியிருக்கும். வாப்பாவுக்கு இதமாகத் தெரியும் ஆழம் மகனுக்குக் கடினமாக இருக்கக்கூடும்.

இந்தக் களைப்பு ஓய்வெடுத்தால் நீங்கிவிடும். கண்ணாடி அணிந்து படம் பார்த்ததாலேயே ஆரோக்கியமான கண் கெட்டுவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும் மிக வேகமாக வெளிச்சம் மாறும் காட்சிகளில் வேறோர் ஆபத்து உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு கேலிச்சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்டன. சுமார் 685 சிறுவர்கள் வலிப்பு, மயக்கம், வாந்தி முதலியவற்றுக்காக மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பளிச்சிடும் காட்சிகள் நிறைந்த விளையாட்டுகளை மருத்துவரின் ஆலோசனையின்றி அனுமதிப்பது கூடாது. இங்கு தீங்கு செய்வது திரையின் 144 ஹெர்ட்ஸ் அன்று. படத்தினுள்ளே மெதுவாக நிகழும் பளிச்சீடு என்பதை உணர வேண்டும்.

ஆழம் தெரியாத பிள்ளை

எல்லோரும் வியக்கும் முப்பரிமாணக் காட்சியை ஒரு பிள்ளை மட்டும் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லலாம். சுற்றியுள்ளோர் சிரிப்பார்கள். கண்ணாடியைச் சரியாகப் போடவில்லை என்பார்கள். அந்தச் சிறு வார்த்தையைப் பெற்றோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்பிள்ளையின் இரு கண்களும் சேர்ந்து இயங்கவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

மாறுகண் உள்ள பிள்ளைக்கும், ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறை அதிகமாக உள்ள பிள்ளைக்கும் இரு கண்களிலிருந்தும் பொருந்தாத படங்கள் வருகின்றன. குழப்பத்தைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் செய்தியை ஒதுக்கத் தொடங்குகிறது. நாளடைவில் அந்தக் கண் நலமாக இருந்தும் அதன் பார்வை மங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதனை 'ஆம்ப்ளியோப்பியா' என்பர்; மக்கள் வழக்கில் சோம்பல் கண். நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளாகின்றனர். மறு கண் நன்றாக இருப்பதால் பிள்ளை ஓடியாடும், படிக்கும், விளையாடும். எவருக்கும் ஐயம் எழாது.

குட்டிப் பூனைகளின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்து ஆராய்ந்த டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும், பின்னர் அந்தக் கண்ணைத் திறந்தாலும் மூளையின் பார்வைப் பகுதி அதன் செய்திக்குச் செவிசாய்ப்பதில்லை என்று 1960களில் கண்டறிந்தனர். வளர்ந்த பூனையின் கண்ணை மூடினால் அப்படி நிகழவில்லை. ஆக, இளமையில் மூளை எதைக் கற்கிறதோ அதுவே நிலைக்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1981இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மனித வாழ்வில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் நரம்பியல் பேராசிரியராக இருந்த சூசன் பேரி. கைக்குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு மாறுகண் ஏற்பட்டது. சிறுவயதில் செய்த அறுவை மருத்துவங்களால் கண்கள் பார்ப்பதற்கு நேராயின. ஆயினும் இரண்டும் சேர்ந்து இயங்கவில்லை. தம் பார்வை மற்றவர்களுடையதைப் போன்றதன்று என்பதையே அவர் கல்லூரியில் படிக்கும்போதுதான் அறிந்தார். பல்லாண்டுகளுக்குப் பின், 48ஆம் வயதில், கண் பயிற்சிகளை மேற்கொண்ட அவருக்கு ஒரு நாள் தம் காரின் சுழல்வட்டு பலகையிலிருந்து விலகி முன்னே நிற்பதாகத் தெரிந்தது. பின்னர், பொழியும் பனித்துகள்களுக்கு நடுவே தாம் நிற்பதை முதன்முறையாக உணர்ந்தார். மருத்துவ எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸ் 2006இல் அவரைப் பற்றி எழுதினார். பேரி தம் அனுபவத்தை 2009இல் நூலாக வெளியிட்டார். முதிர்ந்த வயதிலும் ஓரளவு வழி உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் இத்தகைய பேறு எல்லோருக்கும் கிட்டுவதன்று. இளமையில் செய்யும் மருத்துவமே உறுதியானது.

2011இல் நிண்டெண்டோ நிறுவனம், கண்ணாடியின்றியே ஆழம் காட்டும் '3டிஎஸ்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் முப்பரிமாணக் காட்சியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனமே எச்சரித்தது. அப்போது அமெரிக்க ஆப்டோமெட்ரிக் சங்கம், இக்கருவியில் ஆழம் காண இயலாத பிள்ளைகளுக்குக் கண்டறியப்படாத பார்வைக் குறை இருக்கக்கூடும், அவர்களை உடனே பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு அறிவுறுத்தியது. விளையாட்டுப் பொருள் ஒன்று, தெரியாமல் இருந்த குறையைக் காட்டிக்கொடுக்கும் சாதனமாகவும் ஆகலாம் என்பதை இதனால் உணரலாம்.

மருத்துவமனைகளிலும் இதே தத்துவம் பயன்படுகிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பேலா யூலேஸ் 1960இல் கணிப்பொறியைக் கொண்டு வெறும் புள்ளிகளால் ஆன இரட்டைப் படங்களை உருவாக்கினார். ஒற்றைக் கண்ணுக்கு அதில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் மட்டுமே தெரியும். இரு கண்களும் சேர்ந்தால்தான் உள்ளே ஒரு சதுரம் மிதக்கும். ஊகித்துச் சொல்வதற்கு அங்கு இடமில்லை. இத்தகைய புள்ளிப் படங்களைக் காட்டியே இன்று கண் மருத்துவர்கள் சிறு பிள்ளைகளின் ஆழப் பார்வையைச் சோதிக்கின்றனர்.

சோம்பல் கண்ணுக்குரிய மருத்துவம் நெடுங்காலமாக அறியப்பட்டதே. தேவையான மூக்குக்கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுத் துணியால் மூடி, பலவீனமான கண்ணை வேலை செய்ய வைப்பார்கள். அண்மைக் காலத்தில், இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டும் வசதியே மருந்தாகவும் சோதிக்கப்படுகிறது. நல்ல கண்ணுக்கு மங்கலாகவும் பலவீனமான கண்ணுக்குத் தெளிவாகவும் காட்டி, இரண்டும் ஒத்துழைத்தால்தான் காட்சி முழுமை பெறும்படி அமைக்கிறார்கள். தலையில் அணியும் கருவி வழியே இவ்வாறு காட்சிகளைக் காட்டும் 'லூமினோப்பியா' என்ற முறைக்கு, 4 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி அளித்தது. இத்துறையில் செய்யப்பட்ட சோதனைகள் எல்லாம் ஒரே விதமான பலனைக் காட்டவில்லை. எனவே கடையில் விற்கும் விளையாட்டை வாங்கிக் கொடுத்து, இதுவே மருத்துவம் என்று எவரும் இருந்துவிடலாகாது.

வாங்குவதற்கு முன்

பணக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கிறது. 120இல் அது 8.3 ஆகக் குறைகிறது. 240இல் 4.2, 360இல் 2.8. முதல் படியில் கிடைக்கும் இலாபம் 8 மில்லி விநாடிக்கு மேல். கடைசிப் படியில் ஒன்றரைக்கும் குறைவு. விலையோ எதிர்த்திசையில் ஏறிச் செல்கிறது. 60இலிருந்து 120 அல்லது 144க்குச் செல்லும்போது தெரியும் மாற்றம், அதற்கு மேல் சாதாரணமாக விளையாடுவோருக்குத் தெரிவது அரிது. பாடம் படிக்கவும், கடைக் கணக்கு எழுதவும், படம் பார்க்கவும் 60 ஹெர்ட்ஸே போதும்.

அன்றியும், கணிப்பொறியின் வரைகலை அட்டை விநாடிக்கு 50 படங்களைத்தான் வரைய வல்லது என்றால், 144 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது சிறிய குழாய்க்குப் பெரிய தொட்டி கட்டுவது போலாகும். வாங்கிய பின் கணிப்பொறியின் அமைப்புப் பகுதியில் வேகத்தை மாற்றி வைக்கவும் வேண்டும். 144 என்று விலை கொடுத்து வாங்கி, அமைப்பு 60இலேயே இருப்பதை அறியாமல் பயன்படுத்துவோர் உண்டு.

கண்களைப் பொறுத்தவரை சில நடைமுறைகள் போதும். திரை கை நீட்டும் தொலைவில் இருக்கட்டும். இருட்டறையில் விளையாடுவதைத் தவிர்க்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து சன்னல் வழியே தொலைவில் பார்க்கச் சொல்லலாம். திரையில் ஆழ்ந்திருக்கும்போது கண் இமைப்பது குறைந்துவிடுவதால் உறுத்தல் ஏற்படுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம். வெட்டவெளியில் நாள்தோறும் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கு எந்தத் திரையும் ஈடாகாது. தலையில் அணியும் கருவிகளைப் பொறுத்தவரை, அவற்றின் பெட்டியில் குறித்துள்ள வயது வரம்பை மதிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஒரு முறையேனும் பிள்ளையின் இரு கண்களையும் தனித்தனியே சோதிக்கச் செய்யுங்கள். கைக்குழந்தையின் ஒரு கண்ணைக் கையால் மறைத்தால் பேசாமல் இருந்து, மறு கண்ணை மறைத்தால் அழுது கையைத் தட்டிவிடுகிறதா என்று பாருங்கள். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, படி இறங்கத் தயங்குவது, எறிந்த பந்தைப் பிடிக்கத் தவறுவது ஆகியவற்றையும் கவனியுங்கள். "மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்" என்று மூத்தவர்கள் சொல்வதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்ட பிள்ளை என்றாலும் மருத்துவரிடம் காட்டுவது வீணாகாது; ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைகிறது.

திரைக்கு வேகம் வேண்டுமானால் அடுத்த ஆண்டு இன்னும் மலிவாக வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் மூளை இரு கண்களையும் இணைக்கக் கற்கும் பருவமோ ஒருமுறைதான் வருகிறது. ஆகவே மானிட்டரின் பெட்டியில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று படிப்பதற்கு முன், பிள்ளையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.